கயானாவின் ஜார்ஜ்டவுன்: போகிறவர்கள் என்னிடம் கேட்பவை

வேலை நிமித்தமாக ஜார்ஜ்டவுனில் ஒன்றரை வருடம் இருந்தேன். ஊர் திரும்பிய பிறகு, யாராவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால் எப்படியோ என் எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிடுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

எந்த ஜார்ஜ் டவுன்? பாரிமுனைக்குப் பின்னால் இருப்பதா?

அது 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடியதை ஒட்டிச் சென்னையின் பழைய கறுப்பர் நகரத்துக்கு வைத்த பெயர். நான் சொல்லும் ஊர் அதற்கு 99 வருடம் மூத்தது. 1812-ல் மூன்றாம் ஜார்ஜ் பெயரை ஆங்கிலேயர்கள் சூட்டினார்கள். அதற்கு முன் டச்சுக்காரர்கள் வைத்திருந்த பெயர் ஸ்டாப்ரூக். தென் அமெரிக்காவின் வடக்கு விளிம்பில், டெமராரா ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் முகத்தில், ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. கயானா என்ற நாட்டின் தலைநகரம். தென் அமெரிக்காவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக வைத்திருக்கும் ஒரே நாடு அதுதான்.

கயானா வேறு, கானா வேறு, பிரெஞ்சு கயானா வேறு. சிரிக்காதீர்கள். எனக்கு ஊரிலிருந்து அனுப்பிய பொட்டலம் ஒன்று ஆப்பிரிக்காவைச் சுற்றிவிட்டுத்தான் வந்து சேர்ந்தது.

அமெரிக்கச் சாமியார் ஒருவர் கூட்டத்தோடு செத்துப்போன ஊர்தானே?

இல்லை. அது ஜோன்ஸ்டவுன். வடமேற்கே காட்டுக்குள், வெகு தொலைவில் இருந்த குடியிருப்பு. ஜிம் ஜோன்ஸும் அவரைப் பின்பற்றியவர்களும் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். 1978 நவம்பரில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள். கயானாக்காரர்களிடம் இதைப் பற்றி முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். வெளியிலிருந்து வந்த யாரோ செய்த காரியம் தங்கள் நாட்டின் அடையாளமாகிப் போனதில் அவர்களுக்குக் கசப்பு உண்டு.

அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது?

நேர்மையாகச் சொன்னால், பட்டியல் போட்டு டிக் அடிக்கிற ஊர் இல்லை. ரியோவைப் போல மலை கிடையாது, புவனோஸ் ஐரிஸைப் போல அகன்ற சாலைகள் கிடையாது. பட்டியல்காரர்கள் ஒன்றரை நாளில் முடித்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்பார்கள். ஆனால் ஊர் முழுக்கத் தண்ணீரோடு பேரம் பேசிப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கவனிக்கத் தொடங்கினால் நாலு நாள் போதாது.

கட்டடங்களில் தவறவிடக்கூடாதது செயின்ட் ஜார்ஜ் பேராலயம். முழுக்க மரம். உயரம் 43.5 மீட்டர், உலகின் உயரமான மரத் தேவாலயங்களில் ஒன்று. ஆர்தர் பிளாம்ஃபீல்டு வரைந்த திட்டம், 1892-ல் திறந்தார்கள். வெளியே வெள்ளை வெயில் கண்ணைக் கூசும். உள்ளே நுழைந்தால் மர வாசனையும் நிழலும். இங்கே மண் சேறு என்பதால் கனமான கல் கட்டடத்துக்கு அடித்தளம் நிற்பது கடினம். மரமோ காட்டில் கொட்டிக் கிடக்கிறது. கிரீன்ஹார்ட் என்று ஒரு மரம், தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு அடர்த்தி. துறைமுகத் தூண்களுக்கெல்லாம் அதைத்தான் நடுவார்கள்.

அடுத்து ஸ்டாப்ரூக் சந்தை. 1881-ல் இரும்பில் கட்டியது, மேலே மணிக்கூண்டு, பின்பக்கம் ஆற்றின் மேலேயே நிற்கிறது. நகர மண்டபம் 1889-ல் கட்டிய மர மாளிகை. கிங்ஸ்டன் பகுதியில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம், 1830-ல் எழுப்பியது.

பெரிய பெயர் இல்லாத பழைய வீடுகளைப் பாருங்கள் என்பேன். தூண்களின் மேல் நிற்கும் மர வீடுகள். ஜன்னலுக்கு மேலே கீல் வைத்து, வெளிப்பக்கமாகச் சாய்வாகத் தள்ளித் திறக்கும் பலகைக் கதவு. "டெமராரா ஜன்னல்" என்று பெயர். வெயிலும் மழையும் உள்ளே வராது, காற்று மட்டும் வரும். வீட்டுக்கு அடியில் இருக்கும் திறந்த இடத்துக்கு "பாட்டம் ஹவுஸ்" என்று பெயர். ஏணை கட்டிப் படுப்பது, விருந்து, பஞ்சாயத்து, கல்யாணச் சமையல் எல்லாம் அங்கேதான். நம்மூர்த் திண்ணையைத் தூக்கி வீட்டுக்கு அடியில் வைத்த மாதிரி. சோகம் என்னவென்றால் இந்த வீடுகள் வருடா வருடம் இடிந்தும் எரிந்தும் குறைந்துகொண்டே வருகின்றன. எண்ணெய்ப் பணம் வந்த பிறகு கண்ணாடிக் கட்டடங்கள் அந்த இடங்களில் முளைக்கின்றன.

ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதாமே? பயமில்லையா?

ஆமாம். கடல் ஏறும் நேரத்தில் தெருக்கள் கடலைவிடத் தாழ்வாக இருக்கும். கடல் சுவரின் மேல் நின்று ஒருமுறை இடது பக்கம் கடலையும் வலது பக்கம் சாலையையும் பாருங்கள், சொல்லாமலே புரியும்.

ஊருக்குள் எங்கே பார்த்தாலும் வாய்க்கால்கள். ஆற்றையும் கடலையும் தொடும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதகு. அதற்கு "கோக்கர்" என்று டச்சுப் பெயர். கடல் இறங்கும்போது பலகையைத் தூக்கி ஊர்த் தண்ணீரை வெளியே விடுவார்கள். ஏறும்போது இறக்கி அடைத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். நேரம் தினமும் தள்ளிப்போகும். ஆகவே கோக்கர் பார்க்கும் ஆளுக்கு ராத்திரி இரண்டு மணி, விடியற்காலை மூன்று மணி என்றெல்லாம் கணக்கே கிடையாது. அவர் தூங்கிப்போனால் தெருவில் தண்ணீர் நிற்கும். இப்போது பம்புகளும் வந்துவிட்டன. ஆனாலும் கடல் ஏறியிருக்கும் நேரத்தில் பெருமழை பிடித்தால் தண்ணீர் போக வழி இல்லாமல் கடைத்தெரு முழங்கால் அளவுக்கு நிரம்பும். 2005 ஜனவரி வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுங்கள், ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள்.

நம் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு மதகும் வாய்க்காலும் புதிதில்லை. அங்கே தண்ணீர் வராதா என்று மதகைப் பார்ப்போம். இங்கே தண்ணீர் போகாதா என்று பார்க்கிறார்கள்.

இந்த வாய்க்கால்களை வெட்டியது யார் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். திட்டம் டச்சுக்காரர்களுடையது, முதுகு ஆப்பிரிக்க அடிமைகளுடையது. 1940களின் கடைசியில் இங்கே சர்க்கரைத் தொழிலை விசாரிக்க வந்த வென் ஆணையம், இந்தக் கரையோரத்தில் அடிமைகள் வெறும் மண்வெட்டியால் பெயர்த்த சேறு குறைந்தது 10 கோடி டன் என்று கணக்குப் போட்டது. 1980-ல் இதே ஊரில் கொல்லப்பட்ட வரலாற்றாசிரியர் வால்டர் ரோட்னி இந்தக் கணக்கை எடுத்து எழுதிய பிறகுதான் பலருக்கும் அது உறைத்தது. 1763-ல் கிழக்கே பெர்பிஸ் பகுதியில் அடிமைகள் எழுந்த கலகத்தின் தலைவர் கஃபியின் வெண்கலச் சிலை, ஃபிலிப் மூர் வடித்தது, நகரத்தின் புரட்சிச் சதுக்கத்தில் நிற்கிறது. முதல் பார்வையில் விசித்திரமாக இருக்கும். பக்கத்தில் போய் நின்று பாருங்கள்.

கடல் சுவரில் என்ன விசேஷம்? வெறும் சுவர்தானே?

வெறும் சுவர்தான். 1855 வெள்ளத்துக்குப் பிறகு கட்டத் தொடங்கி, நகரத்துப் பகுதியை 1892 வாக்கில் முடித்தார்கள். ஆனால் மெரினாவும் வெறும் மணல்தானே?

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போங்கள். கன்னியாகுமரிக்கும் தெற்கே, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் என்பதால் வருடம் பூராவும் ஆறு மணியை ஒட்டியே இருட்டிவிடும். அந்த ஒரு மணி நேரம் அட்லாண்டிக்கிலிருந்து வரும் காற்று நிற்கவே நிற்காது. பகல் பூராவும் வேர்த்து ஊறிய ஊர், சட்டையைப் பிரித்துக் காற்று வாங்கும். ஓடுகிறவர்கள், சுவரில் கால் தொங்கப்போட்டுக் காதல் செய்கிறவர்கள், பிள்ளைகளுக்குச் சோளம் வாங்கிக் கொடுக்கும் அப்பாக்கள். 1903-ல் கட்டிய வாத்திய மேடை இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்றால் கூட்டம் இரட்டிப்பாகும், பாட்டுப்பெட்டிகள் ஒன்றோடொன்று போட்டி போடும். இப்படிச் சும்மா கூடிப் பொழுதைப் போக்குவதை அங்கே "லைம்" என்பார்கள். "வா, லைம் அடிக்கலாம்" என்று யாராவது கூப்பிட்டால் எலுமிச்சை தேடாதீர்கள்.

ஈஸ்டர் திங்களன்று வாய்த்தால் விடவே கூடாது. நகரமே காற்றாடியோடு சுவருக்கு வந்துவிடும். வானத்தில் இடம் இருக்காது.

அந்தக் கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அழுக்கு என்று நினைக்கிறார்கள், அழுக்கு இல்லை. அமேசான் ஆறு கடலில் கொட்டும் வண்டல், நீரோட்டத்தோடு வடமேற்காக இந்தக் கரை நெடுக நகர்ந்து வருகிறது. பெரிய பெரிய சேற்றுத் திட்டுகளாக, வருடத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நகரும். இன்றைக்குச் சேறாக இருக்கும் கரை சில வருடம் கழித்து அலை அடிக்கும் கரையாக இருக்கலாம். நீலக் கடலும் வெள்ளை மணலும் வேண்டுமானால் பார்படோஸ் போங்கள்.

அங்கே தமிழர்கள் இருக்கிறார்களா?

எல்லோரும் கடைசியில் கேட்கும் கேள்வி இது, மனசில் முதலில் இருப்பதும் இதுதான்.

1838 மே 5-ம் தேதி விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து 396 பேரை இங்கே இறக்கின. அடிமை முறை ஒழிந்ததால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டார்கள். 1917 வரை வந்தவர்கள் மொத்தம் ஏறக்குறைய 2,39,000 பேர். பெரும்பகுதி இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார்ப் பக்கத்து மக்கள். 1845 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. அப்படிப் போன தமிழரும் தெலுங்கரும் சுமார் 15 ஆயிரம் பேர். அங்கே அவர்களுக்கு ஒரே பெயர்: "மதராஸி".

மொழி போய்விட்டது. தமிழில் பேசினால் பதில் சொல்ல ஆள் கிடைக்காது. மிஞ்சியவை இரண்டு: பெயரும் சாமியும்.

வாக்காளர் பட்டியலையோ கடைப் பலகையையோ பாருங்கள். பெருமாள், வீரசாமி, நாகமுத்து, முனுசாமி எல்லாம் ஆங்கில எழுத்தில் நசுங்கிப்போய்க் கிடக்கும். அவர்கள் உச்சரிக்கும்போது முதலில் காதுக்குப் பிடிபடாது, எழுதிக் காட்டினால்தான் "அட, நம்ம பெருமாள்!" என்று தோன்றும். மேற்கிந்தியத் தீவுகளுக்கு டெஸ்ட் ஆடிய சுழற்பந்து வீச்சாளர் வீரசாமி பெருமாள் இந்த நாட்டுக்காரர். 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து.

சாமி கதை இன்னும் அழகு. அங்கே "காளி மாய்" பூஜை என்று சொல்வார்கள். கோவிலுக்குள் போனால் மாரியம்மா, மதுரை வீரன், சங்கிலிக் கருப்பன், முனீஸ்வரன், காட்டேரி. பெயர்கள் கொஞ்சம் உருமாறியிருக்கும். மதுரை வீரன் "மதராவீரன்" ஆகியிருப்பார். தப்பு அடிப்பார்கள், அதற்குப் பெயர் அங்கேயும் தப்புதான். உடுக்கை உண்டு, கரகம் உண்டு, கை நிறைய வேப்பிலை உண்டு. வருடத்துக்கு ஒருமுறை மூன்று நாள் பெரிய பூஜை நடக்கும். மருள் வந்து ஆடுகிறவர் முன்னால் ஜனங்கள் நோய்க்கும் குறைக்கும் வாக்குக் கேட்டு நிற்பார்கள். பாட்டில் தமிழ் வார்த்தைகள் வரும், பாடுகிறவருக்கு அர்த்தம் தெரியாது. ஒரு பூசாரி என்னிடம் ஒரு வரியைப் பாடிக் காட்டி "இதுக்கு என்ன பொருள்?" என்று கேட்டார். நாலைந்து தலைமுறை வாய்மாறி வந்த வரி. எனக்கு "தாயே", "வா" என்ற இரண்டு சொல்தான் பிடிபட்டது. அதைச் சொன்னேன். "அது போதும்" என்றார்.

மற்ற இந்துக்களில் ஒரு சாரார் இந்த வழிபாட்டை ரொம்ப நாள் கீழாகப் பார்த்தார்கள். பலி கொடுப்பது, சாமி ஆடுவது எல்லாம் "சரியான" இந்து மதம் இல்லை என்று. நம் ஊரிலும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். நோய் தீராதபோது அதே ஆட்கள் சத்தமில்லாமல் காளி கோவிலுக்குப் போவார்கள் என்று அங்கே சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

போக விரும்பினால்: பூஜை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும். தங்குமிடத்தில் கேட்டால் பக்கத்தில் எது என்று சொல்வார்கள். குளித்துவிட்டு, அசைவம் தவிர்த்துவிட்டுப் போங்கள்; கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்தால் உங்களுக்கு வரும் மரியாதை கூச்சமாகவே இருக்கும். மதராஸிகள் அதிகம் இருப்பது கிழக்கே பெர்பிஸ் பக்கம். நியூ ஆம்ஸ்டர்டாம், ஆல்பியன், போர்ட் மொரான்ட் வரை ஒரு நாள் காரில் போய் வரலாம். நகரத்துக்குள்ளேயே விட்பி கப்பலின் வெண்கல மாதிரியோடு இந்தியக் குடியேறிகளுக்கான நினைவுத் தோட்டமும் உண்டு.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், தென் அமெரிக்காவிலேயே சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டாத தலைநகரம் இதுதான் என்பது என் கட்சி. ரொட்டி, பருப்பை உள்ளே வைத்துச் சுட்ட தால் பூரி, கொண்டைக்கடலை, கீரை, பூசணிக்கறி எல்லாத் தெருவிலும் உண்டு. ஆனால் இட்லி தோசையை எதிர்பார்க்காதீர்கள். சமையல் வடக்கத்திய வேரிலிருந்து வந்து கரீபியனில் திரும்பியது. பருப்புக்குச் சீரகமும் பூண்டும் தாளிப்பார்கள், கடுகும் கறிவேப்பிலையும் தேட வேண்டும். பயத்தங்காய் அங்கே "போரா". பாகற்காய், கத்தரிக்காய், முருங்கை எல்லாம் சந்தையில் உண்டு.

கல்யாணத்துக்கோ பூஜைக்கோ யாராவது கூப்பிட்டால் யோசிக்காமல் போங்கள். "செவன் கறி" போடுவார்கள். அகன்ற அல்லி இலையில் சோறு, பருப்பு, சுற்றிலும் ஏழு கறி, கையால் சாப்பாடு. வாழை இலைக்குப் பழகிய நமக்கு அல்லி இலையின் வளைவு முதலில் தடுமாறும், குழம்பு நடுவுக்கு ஓடிவரும்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பெப்பர்பாட். பூர்வகுடிகளின் உணவு. மரவள்ளிச் சாற்றைக் காய்ச்சிக் கறுப்பாகச் சுண்டவைத்த "கசரீப்"பில் இறைச்சியை மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். தினமும் ஒரு கொதி விட்டால் நாள்கணக்கில் கெடாது. கிறிஸ்துமஸ் காலையில் ரொட்டியோடு சாப்பிடுவது வழக்கம்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

பாதுகாப்பு எப்படி?

பகலில் சாதாரண எச்சரிக்கை போதும். இருட்டிய பிறகு நடக்காதீர்கள், இதில் நான் சமாதானம் சொல்ல மாட்டேன். ஸ்டாப்ரூக் சந்தையைச் சுற்றிக் கழுத்துச் சங்கிலி, கைப்பேசி பறிப்பு உண்டு. தாலிக்கொடியை ஊரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லி ஒரு தம்பதியிடம் சொன்னேன், சங்கடப்பட்டார்கள்; மஞ்சள் கயிற்றோடு வந்தார்கள். டாக்சியைத் தங்குமிடத்திலிருந்தே கூப்பிடுங்கள். முறையான டாக்சி மஞ்சளாக இருக்கும், எண் பலகை 'எச்' எழுத்தில் தொடங்கும்.

ஊருக்குள் எப்படிச் சுற்றுவது?

நடுப்பகுதி நடக்கும் தூரம்தான், ஆனால் பத்து மணிக்கு மேல் வெயில் விடாது. தூரத்துக்கு மினி பஸ். ஒவ்வொரு தடத்துக்கும் எண் உண்டு: விமான நிலையம் இருக்கும் திமெரி பக்கம் 42, பரிக்கா பக்கம் 32, கிழக்குக் கடற்கரைப் பக்கம் 44. நிரம்பினால்தான் கிளம்பும். பாட்டுச் சத்தத்தில் உங்கள் நெஞ்செலும்பு அதிரும். வண்டிகள் நம்மைப் போலவே இடதுபக்கம் ஓடுகின்றன. டெமராரா ஆற்றின் மேல் 1978 முதல் ஒரு மிதவைப் பாலம் இருந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதியை விலக்குவார்கள், அதுவரை வண்டிகள் தவம் கிடக்கும். 2025-ல் உயரமான புதுப் பாலம் வந்துவிட்டது. ஆனாலும் ஸ்டாப்ரூக் படகுத்துறையிலிருந்து அக்கரை ஃப்ரீட்-என்-ஹூப்புக்கு விசைப்படகில் ஒருமுறை போய் வாருங்கள். சில நிமிடப் பயணம், ஆற்றிலிருந்து பார்த்தால்தான் ஊர் எவ்வளவு தாழ்வு என்று தெரியும்.

எப்போது போகலாம்?

இரண்டு மழைக்காலம்: மே முதல் ஜூலை கடைசி வரை ஒன்று, நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை இன்னொன்று. சென்னையைவிட நிறையப் பெய்யும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும், செப்டம்பர், அக்டோபரும் நல்லது. பிப்ரவரி 23 குடியரசு நாள். "மாஷ்ரமானி" ஊர்வலத்தில் தெருவே ஆடும். அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம். கரீபியன் பெயரைக் கேட்டுச் சூறாவளிக்குப் பயப்பட வேண்டாம், அதன் பாதை இன்னும் வடக்கே.

விசா, தடுப்பூசி?

நேரடி விமானம் கிடையாது. நியூயார்க், மயாமி, டொரண்டோ, பனாமா, டிரினிடாட் வழியாகப் போகலாம். அமெரிக்க வழி என்றால் விமானம் மாற மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும், பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கயானா விசாவுக்கு டில்லியில் இருக்கும் கயானா ஹைகமிஷனில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே டிக்கெட் போடுங்கள். நாலு வருடத்துக்கு முன் போன நண்பர் சொன்னதை நம்பாதீர்கள், நான் சொன்னாலும்தான்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி மிக முக்கியம். போகும்போதைவிடத் திரும்பும்போதுதான் சிக்கல். கயானா மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கும் நாடு. சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் செல்லும். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் நிறுவனத்தில் போட்டுக்கொள்ளலாம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

செலவு?

நினைப்பதைவிட அதிகம். 2015-ல் கடலுக்கடியில் எண்ணெய் கண்டுபிடித்து, 2019 டிசம்பரில் எடுக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு எண்ணெய்க் கம்பெனி ஆட்களால் ஓட்டல் வாடகை ஏறிவிட்டது. தெருச் சாப்பாடும் மினி பஸ்ஸும் மட்டும் இன்னும் மலிவு. ஒரு அமெரிக்க டாலருக்கு இருநூற்றுச் சொச்சம் கயானா டாலர். அட்டை எல்லா இடத்திலும் செல்லாது, ரொக்கம் வையுங்கள். மின்சாரம் அடிக்கடி போகும்; அறை எடுக்குமுன் ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள்.

கைட்டூர் அருவி போகலாமா?

நீங்கள் அவ்வளவு தூரம் வந்துவிட்டு இதைப் பார்க்காமல் போனால் என் பெயரைச் சொல்லாதீர்கள். நகரத்தின் கிழக்கே ஓகிள் விமான நிலையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் ஏறும் சின்ன விமானத்தில் ஒரு மணி நேரம், கீழே காடு தவிர வேறு எதுவும் தெரியாது. பொட்டாரோ ஆறு ஒரே பாய்ச்சலில் 226 மீட்டர் விழுகிறது. கம்பி வேலி கிடையாது, அனுமதிச்சீட்டு வரிசை கிடையாது, சோளப்பொரி கிடையாது. விளிம்பில் நீங்களும் வழிகாட்டியும் மட்டும். பாறைகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு வளரும் ஒரு செடியின் இலைக்கக்கத்தில் மழைத்தண்ணீர் தேங்கும். அதற்குள் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தங்க நிறத் தவளை குடியிருக்கும். பொறுமையாகத் தேடினால் தெரியும். ஆள் சேராவிட்டால் விமானம் கிளம்பாது, மேகம் மூடினாலும் தள்ளிவைப்பார்கள். அதனால் முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள், கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

கிரிக்கெட்?

போர்டா மைதானத்துக்குப் போங்கள். பெரிய ஆட்டங்கள் இப்போது 2007 உலகக் கோப்பைக்காக இந்திய உதவியோடு கட்டிய ப்ராவிடன்ஸ் மைதானத்துக்குப் போய்விட்டன. ஆனால் கவாஸ்கர் 1971-ல் தன் முதல் டெஸ்ட் சதத்தை, 116 ரன், அடித்தது போர்டாவில். மைதானத்தைச் சுற்றி அகழி உண்டு, மழைத்தண்ணீர் வடிய. இந்த ஊரில் பந்தாடக்கூட வாய்க்கால் வேண்டும். கிழவர் யாராவது உட்கார்ந்திருந்தால் இந்த நாட்டின் பழைய மட்டையாளர் ரோஹன் கன்ஹாயைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். மதியம் போய்விடும்.

அவர்கள் பேசும் ஆங்கிலம் புரியுமா?

முதல் வாரம் புரியாது. வீட்டில், தெருவில் பேசுவது கிரியோலீஸ், ஆங்கிலத்திலிருந்து கிளைத்த பேச்சுமொழி. மூன்று விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன். கடைக்குள் நுழைந்தால், பஸ்ஸில் ஏறினால் "குட் மார்னிங்" சொல்ல வேண்டும். சொல்லாமல் பொருள் கேட்டால் முரடன் என்று நினைப்பார்கள். இருட்டிய பிறகு சந்திக்கும்போதே "குட் நைட்" என்பார்கள், விரட்டுகிறார்கள் என்று திரும்பிவிடாதீர்கள். "ஜஸ்ட் நவ்" என்றால் இப்போது இல்லை, பிறகு. எவ்வளவு பிறகு என்பது சொல்கிறவரின் முகத்தில் இருக்கும்.

திரும்பும்போது என்ன வாங்கலாம்?

குடிக்கிறவர்களுக்கு எல் டொராடோ ரம். நகரத்துக்குத் தெற்கே டயமண்டில் வடிக்கிறார்கள், போர்ட் மொரான்ட் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பழைய மரக் கொப்பரையில் இன்னும் வடிப்பு நடக்கிறது. சமைக்கிறவர்களுக்குக் கசரீப் ஒரு புட்டி. புளிக்குழம்பில் அரைக் கரண்டி விட்டுப் பார்த்தேன், பாட்டி கண்டுபிடிக்கவில்லை, இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். புட்டியைக் கைப்பையில் வைக்காதீர்கள், பிடுங்கிவிடுவார்கள். இரண்டு பாலிதீன் உறை போட்டுச் சுற்றிப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வையுங்கள், வெள்ளைச் சட்டை பக்கத்தில் வேண்டாம்.